நொய்ஷ்வான்ஸ்டைன் கோட்டை: மியூனிக்கிலிருந்து ஒரே நாளில் போய்வருவது எப்படி?

கேள்வி இதுதான்: வயதான பெற்றோரும் சிறு குழந்தையும் கூட வருகிறார்கள். மியூனிக்கில் தங்கிக்கொண்டு ஒரே நாளில் நொய்ஷ்வான்ஸ்டைன் கோட்டையைப் பார்த்துவிட்டுத் திரும்ப முடியுமா? டிக்கெட் எப்படி எடுப்பது, மலை மேல் எப்படி ஏறுவது, உள்ளே போய்ப் பார்க்கத்தான் வேண்டுமா?

முடியும். ஆனால் போய்ச் சேர்ந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்புகிற இடம் அல்ல இது. ஆண்டுக்குச் சுமார் 14 லட்சம் பேர் வருகிறார்கள். கோடையில் ஒரே நாளில் 6,000 பேர் வரை, ஒரே ஒரு மனிதர் தனியாக வாழ்வதற்காகக் கட்டிய அறைகளின் வழியே நடந்து போகிறார்கள். அதனால் நிமிஷக் கணக்கில் ஆட்களை உள்ளே விடுகிறார்கள். உங்கள் டிக்கெட்டில் அச்சிட்டிருக்கும் நேரம்தான் அன்றைய நாளுக்கு அச்சாணி. அதை முதலில் முடிவு செய்துவிட்டு ரயில், பஸ், சாப்பாடு எல்லாவற்றையும் பின்னோக்கிக் கணக்கிடுங்கள்.

டிக்கெட்டிலிருந்தே தொடங்குவோம். கோட்டை வாசலில் டிக்கெட் விற்பதில்லை. மலையடிவாரக் கிராமமான ஹோஹென்ஷ்வாங்கௌவில் உள்ள டிக்கெட் சென்டரிலும் அதன் இணையதளத்திலும்தான் விற்கிறார்கள். இணையத்தில் விற்றது போக மிஞ்சியவைதான் அன்றைக்குக் கவுன்டருக்கு வரும். ஜூன் முதல் செப்டம்பர் வரையிலும், கிறிஸ்துமஸ் சந்தைகள் நடக்கும் டிசம்பரிலும் மிஞ்சுவது சொற்பம். காலை பத்து மணிக்குப் போய் நின்றால் மாலை நேரம் கிடைக்கலாம், ஒன்றுமே கிடைக்காமலும் போகலாம். விலை பெரியவர்களுக்கு 20 யூரோவை ஒட்டி இருக்கும், அவ்வப்போது ஏறும். இணையத்தில் எடுத்தால் ஒரு டிக்கெட்டுக்கு 2.50 யூரோ முன்பதிவுக் கட்டணம் கூடுதல். 65 வயதைத் தாண்டியவர்களுக்கும் மாணவர்களுக்கும் சிறிய சலுகை உண்டு.

18 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு நுழைவு இலவசம். பலரும் தவறுவது இங்கேதான். இலவசம் என்றால் டிக்கெட்டே வேண்டாம் என்று நினைத்துப் பெரியவர்களுக்கு மட்டும் எடுத்துவிடுகிறார்கள். ஒவ்வொரு குழுவிலும் இத்தனை தலை என்று கணக்கு உண்டு. கைக்குழந்தையும் அதில் ஒரு தலை. பதிவு செய்யும்போதே குழந்தைக்கான இலவச டிக்கெட்டையும் சேர்த்து எடுத்துவிடுங்கள். தேடுபொறியில் முதலில் வந்து நிற்கும் மறுவிற்பனைத் தளங்களில் அதே டிக்கெட்டை வழிகாட்டி, பஸ் என்று எதையாவது ஒட்டி இரண்டு மூன்று மடங்குக்கு விற்பார்கள். மியூனிக்கிலிருந்து சுற்றுலாப் பேருந்தில்தான் போகப்போகிறீர்கள் என்றால், அந்தக் கட்டணத்தில் கோட்டையின் உள்நுழைவு டிக்கெட் சேர்த்தியா இல்லையா என்று பாருங்கள். பல பேருந்துச் சுற்றுலாக்களில் அது தனி.

இனிப் பயணம். மியூனிக் முதன்மை ரயில் நிலையத்திலிருந்து ஃப்யூஸன் ஊருக்குச் சுமார் இரண்டு மணி நேரம். சில ரயில்கள் நேரே போகும். மற்றவற்றில் பூஹ்லோவிலோ காஃப்பாய்ரனிலோ மாற வேண்டும். மாறுவதற்குச் சில நிமிஷங்கள்தான் இருக்கும். பெற்றோருடன் போவதால் நேரடி ரயிலையே தேர்ந்தெடுங்கள். இந்த ரயில்கள் பல நேரம் நிலையத்தின் ஓரத்தில் தள்ளியிருக்கும் 27-36 பிளாட்பாரங்களிலிருந்து கிளம்பும். மெயின் ஹாலில் இறங்கி அங்கே போய்ச் சேரவே நல்ல நடை இருக்கிறது, பத்து நிமிஷம் ஒதுக்குங்கள்.

குடும்பமாகப் போவோருக்குப் பயர்ன் டிக்கெட் (பவேரிய மாநிலத்துக்குள் செல்லும் ஒருநாள் ரயில் டிக்கெட்) லாபம். ஐந்து பேர் வரை ஒரே டிக்கெட்டில் போகலாம், முதல் ஆளுக்கு ஒரு விலை, அடுத்தடுத்த ஆட்களுக்கு அதில் ஒரு பங்கு. ஃப்யூஸனிலிருந்து போகும் உள்ளூர் பஸ்ஸும் அதிலேயே அடங்கும். மூன்று விதிகள் உண்டு. வேலைநாட்களில் காலை 9 மணிக்குப் பிறகுதான் செல்லும், சனி ஞாயிறு விடுமுறை நாட்களில் நள்ளிரவிலிருந்தே செல்லும். ஐசிஇ, ஐசி போன்ற விரைவு ரயில்களில் ஏறக்கூடாது. பயணிகளின் பெயரை டிக்கெட்டில் எழுதியிருக்க வேண்டும். பரிசோதகர் வந்த பிறகு பேனாவைத் தேடுவது நல்லதல்ல. ஜெர்மனியிலேயே வேலை பார்ப்பவர், படிப்பவர் கையில் மாதாந்திர டாய்ச்லாண்ட் டிக்கெட் இருந்தால் இந்த 9 மணிக் கட்டுப்பாடு கிடையாது.

அந்த 9 மணி விதிதான் வேலைநாளில் உங்கள் நுழைவு நேரத்தை முடிவு செய்கிறது. ஒன்பதுக்குப் பிறகு ரயில் பிடித்தால் ஃப்யூஸனில் இறங்கும்போது நண்பகலை நெருங்கிவிடும். நிலைய வாசலிலிருந்து 73 அல்லது 78 எண் பஸ்ஸில் ஹோஹென்ஷ்வாங்கௌ பத்து நிமிஷம். ஒரு ரயில் கூட்டம் முழுவதும் அதே பஸ்ஸுக்குத்தான் ஓடும், நெருக்கியடித்து ஏற வேண்டியிருக்கும், அடுத்த பஸ்ஸுக்கு நிற்கவும் நேரலாம். அங்கிருந்து மேலே போக முக்கால் மணி நேரம். ஆக 2 மணிக்கு முந்தைய நேரத்தை எடுத்தால் பதைபதைப்புதான். இரண்டரை, மூன்று மணி நிம்மதியானது. காலையிலேயே உள்ளே போகத்தான் வேண்டுமென்றால் முந்தைய இரவை ஃப்யூஸனில் கழிப்பதே புத்திசாலித்தனம். அங்கே தங்குவோருக்கு விடுதி தரும் விருந்தினர் அட்டையைக் காட்டினால் உள்ளூர் பஸ் இலவசம்.

கோட்டை ஏப்ரல் முதல் அக்டோபர் 15 வரை காலை 9 முதல் மாலை 6 வரையும், மற்ற மாதங்களில் 10 முதல் 4 வரையும் திறந்திருக்கும். டிசம்பர் 24, 25, 31, ஜனவரி 1 விடுமுறை.

மலை ஏற மூன்று வழி உண்டு. மூன்றில் ஒன்றுகூட உங்களை வாசலில் கொண்டுபோய் இறக்காது. இதைப் பெற்றோருக்கு முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

நடந்தால் ஒன்றரை கிலோமீட்டர், சுமார் 150 மீட்டர் உயரம், 30 முதல் 40 நிமிஷம். தார்ச்சாலைதான், ஆனால் சமதளமே கிடையாது. குதிரை வண்டியும் அதே சாலையில்தான் போகிறது என்பதால் நடக்கும்போது காட்சியை மட்டுமல்ல, தரையையும் பார்க்க வேண்டும். குதிரை வண்டி கோட்டைக்குச் சில நூறு மீட்டர் கீழேயே நின்றுவிடும். மிச்சத்தை ஏறித்தான் ஆக வேண்டும், அதுவும் செங்குத்தான பகுதி. முழங்கால் வலி உள்ளவர் வண்டிக்காசும் கொடுத்து ஏற்றமும் ஏறுவது இந்த வழியில்தான் நடக்கிறது. வண்டிக்கு முன்பதிவு கிடையாது, வரிசையில் நிற்க வேண்டும், ரொக்கம் வேண்டும்.

உங்கள் குடும்பத்துக்கு ஏற்றது ஷட்டில் பஸ். அது கோட்டைக்கு மேலே, மரியன் பாலத்துக்கு அருகில் போய் நிற்கும். அங்கிருந்து கோட்டைக்கு இறக்கம்தான், பத்துப் பதினைந்து நிமிஷம். முதலில் பாலம், பிறகு கோட்டை, பிறகு அடிவாரம் என்று வரிசைப்படுத்திக்கொண்டால் நாள் முழுக்க ஏற்றமே இல்லாமல் முடித்துவிடலாம். இறக்கமும் முழங்காலுக்குச் சுமைதான், அதனால் ஊன்றுகோல் இருந்தால் எடுத்து வாருங்கள். பனியும் உறைபனியும் உள்ள நாட்களில் இந்த பஸ் ஓடாது. அப்போது குதிரை வண்டி அல்லது நடை, வேறு வழியில்லை.

மரியன் பாலம் இலவசம். சொல்லப்போனால் உலகம் முழுக்க நாட்காட்டிகளில் தொங்கும் அந்தப் படம் இங்கிருந்து எடுத்ததுதான். கோட்டையைக் கட்டிய பவேரிய அரசர் இரண்டாம் லுட்விக்கின் தந்தை இரண்டாம் மாக்ஸிமிலியன் தன் மனைவி மரீக்காக இந்த இடத்தில் முதலில் ஒரு மரப்பாலம் போட்டார். இப்போதுள்ள இரும்புப் பாலம் 1866-இல் வந்தது. கீழே பொல்லாட் பள்ளத்தாக்கு சுமார் 90 மீட்டர் ஆழம், அதில் ஓர் அருவி. தளம் பலகையால் ஆனது, ஆட்கள் நடக்கும்போது அசைவு காலுக்குத் தெரியும். உயரம் என்றால் தலைசுற்றுபவர்களை வற்புறுத்த வேண்டாம். நண்பகலில் பாலத்துக்கு ஏறவே வரிசை நிற்கும். பாலம் கோட்டைக்குத் தெற்கே இருப்பதால் பகல் முழுக்க வெயில் உங்கள் முதுகுப் பக்கம்தான். ஒளிப்படத்துக்கு எந்த நேரமும் சரி. பாலம் நெரிசலாக இருந்தால் நுழைகிற முனையிலேயே நின்றுவிடாமல் நடுப்பகுதியைத் தாண்டிப் போங்கள், இடம் கிடைக்கும். அதற்கும் அப்பால், தடுப்பைத் தாண்டிப் பாறையில் ஏறிப் படம் எடுப்பவர்களைப் பார்ப்பீர்கள். அந்தப் பாறை வழுக்கும், கீழே பிடிமானம் கிடையாது. பனிக்காலத்தில் பாலத்தையே மூடிவிடுவார்கள். பள்ளத்தாக்கு வழியாகக் கீழிறங்கும் பாதையும் கல்சரிவால் அடிக்கடி அடைபடும், அதை நம்பித் திட்டமிட வேண்டாம்.

கோட்டை வாசலுக்கு உங்கள் நேரத்துக்குக் கால் மணி முன்னதாக வந்துவிடுங்கள். முற்றத்தில் உள்ள பலகையில் குழு எண் மின்னும்போது டிக்கெட்டை ஸ்கேன் செய்து உள்ளே போக வேண்டும். நேரம் தவறினால் டிக்கெட் செல்லாது. ரயில் தாமதம், பஸ் நெரிசல் என்று எதைச் சொன்னாலும் அடுத்த குழுவில் நுழைக்க மாட்டார்கள். குழந்தை வண்டி, பெரிய முதுகுப்பை, முதுகில் சுமக்கும் குழந்தைத் தாங்கி எதுவும் உள்ளே அனுமதி இல்லை. சூட்கேஸோடு வருவதாக இருந்தால் ஃப்யூஸன் நிலைய லாக்கரிலேயே போட்டுவிடுங்கள்.

உள்ளே போவது மதிப்புள்ளதா என்று கேட்டீர்கள். வெளியே பார்த்ததை வைத்து உள்ளே எதிர்பார்த்தால் ஏமாற்றம்தான். சுற்று மொத்தமே 35 நிமிஷத்துக்குள் முடிந்துவிடும். தனியாகச் சுற்ற அனுமதி இல்லை, படம் எடுக்கவும் கூடாது. ஜெர்மன், ஆங்கிலத்தில் வழிகாட்டி, மற்ற மொழிகளுக்கு ஆடியோ கைடு. மேலே ஏற 165 படி, இறங்க 181 படி. பெற்றோரில் ஒருவருக்குப் படி ஏற முடியாதென்றால் லிஃப்ட் வசதி உண்டு, ஆனால் முன்பதிவின்போதே சொல்லி ஏற்பாடு செய்ய வேண்டும். வாசலில் வந்து கேட்டால் நடக்காது.

இருந்தாலும் ஒருமுறை உள்ளே போய்வருவதே சரி. காரணம், இது கோட்டையே அல்ல என்பது உள்ளே போனால்தான் புரியும். பீரங்கியோ அகழியோ முற்றுகையோ கண்டதில்லை. இரண்டாம் லுட்விக் 1864-இல் 18 வயதில் பவேரியாவின் அரசரானார். இரண்டே ஆண்டில், 1866 போரில், ஆஸ்திரியாவோடு சேர்ந்து பிரஷ்யாவிடம் தோற்றார். அதன் பிறகு படை அவர் கையில் இல்லை. பெயரளவு அரசரானவர் தனக்கென்று ஒரு கற்பனை நாட்டைக் கட்டத் தொடங்கினார். 1869 செப்டம்பர் 5-இல் அடிக்கல். முதல் வரைபடங்களைத் தீட்டிய கிறிஸ்டியான் யாங்க் கட்டடக் கலைஞரே அல்ல, நாடக மேடைக்குக் காட்சி வரைபவர். அதைக் கட்டடமாக்கும் பாடு எடுவார்ட் ரீடெலுக்கும், அவருக்குப் பின் வந்தவர்களுக்கும். பாலத்திலிருந்து பார்க்கும்போது ஓர் அரங்கின் பின்திரை போலத் தோன்றுவது தற்செயல் அல்ல.

வெளியே 13-ஆம் நூற்றாண்டு வேஷம், உள்ளே 19-ஆம் நூற்றாண்டு இயந்திரம். சுவர் செங்கல், அதன் மேல் போர்த்தியது வெளிர் சுண்ணாம்புக்கல். சிம்மாசன மண்டபத்தைத் தாங்குவது எஃகுச் சட்டம். வெந்நீர்க் குழாய், தானாக நீர் பாயும் கழிப்பறை, வேலையாட்களைக் கூப்பிட மின்மணி, உணவு மேலே வர லிஃப்ட், தொலைபேசி, மைய வெப்பமூட்டல் எல்லாம் உண்டு. சுற்றின் கடைசியில் வரும் சமையலறையை எல்லோரும் அவசரமாகக் கடப்பார்கள். நீங்கள் நின்று பாருங்கள். அந்தக் காலத்துக்கு அது ஒரு தொழிற்சாலை.

சிம்மாசன மண்டபத்தில் சிம்மாசனம் இல்லை. அது வைக்க வேண்டிய மேடைக்குப் பளிங்குப் படிகள் மட்டும் ஏறுகின்றன. பைசாந்தியத் தேவாலயச் சாயலில் கட்டிய அறை அது. மேலே தொங்கும் விளக்குக் கொத்து சுமார் 900 கிலோ, 96 மெழுகுவத்தி. தரையில் மொசைக், இருபது லட்சத்துக்கும் மேற்பட்ட கல்துண்டுகள். கூட்டம் மேலேயே பார்த்துக்கொண்டிருக்கும். விலங்கும் செடியும் பின்னிக் கிடக்கும் அந்தத் தரையைத் தவறவிடாதீர்கள். படுக்கையறைக் கட்டிலின் மேல்விதானம் ஒரு கோபுரக் காடு. அந்த அறையின் மரவேலைக்கு 14 தச்சர்கள் நான்கு ஆண்டுகளுக்கு மேல் உழைத்தார்கள். அங்கே சுவரில் டிரிஸ்டன் கதை, வரவேற்பறையில் லோஹென்கிரின், மாடியில் பாடகர் மண்டபத்தில் பார்ஸிவால். மூன்றுமே ரிச்சர்ட் வாக்னர் இசைநாடகமாக்கிய மத்தியகாலக் கதைகள். போகும் முன் இவற்றை ஒரு பத்து நிமிஷம் படித்துவிட்டுப் போனால் ஓவியங்கள் பேசும். இல்லையேல் எல்லாம் தாடிக்காரர்களும் குதிரைகளும்தான். வாக்னருக்காகவே எழுந்த மாதிரியான இந்தக் கோட்டைக்கு வாக்னர் ஒரு நாளும் வரவில்லை, 1883-இலேயே இறந்துவிட்டார். பாடகர் மண்டபத்தில் லுட்விக் காலத்தில் ஒரு கச்சேரியும் நடக்கவில்லை. குழந்தைக்குப் பிடிக்கப்போவது வேறொன்று: இரண்டு அறைகளுக்கு நடுவே திடீரென்று வரும் செயற்கைக் குகை.

இருநூறுக்கும் மேல் திட்டமிட்ட அறைகளில் முடிந்தவை பதினைந்து சொச்சம். லுட்விக் இங்கே தங்கியது மொத்தம் 172 நாள். செலவு முதல் மதிப்பீட்டைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்காகி 60 லட்சம் மார்க்கைத் தாண்டியது. அரசுக் கருவூலத்தில் அவர் கை வைக்கவில்லை, சொந்தப் பணமும் கடனுமாகவே கட்டினார். அந்தக் கடன்தான் கடைசியில் அமைச்சர்கள் கையில் ஆயுதமானது. 1886 ஜூனில் மனநலமற்றவர் என்று அறிவித்து அவரை இங்கிருந்தே பெர்க் மாளிகைக்கு அழைத்துப்போனார்கள். 13-ஆம் தேதி ஸ்டார்ன்பெர்க் ஏரியில் அவரும் மருத்துவர் குடெனும் பிணமாகக் கிடந்தார்கள். எப்படி இறந்தார் என்பதற்கு இன்றுவரை கதைகள் ஓய்ந்தபாடில்லை. ஏழு வாரம் கழித்து ஆகஸ்ட் 1-இல் கோட்டையைக் காசுக்குத் திறந்துவிட்டார்கள். ஆக, இங்கே சுற்றுலாவின் வயது ஏறக்குறைய கட்டடத்தின் வயதேதான். மேல்முற்றத்தில் நிற்கும்போது தரையில் வெளிர் கற்களால் கோடிட்ட ஓர் அடித்தளத்தைப் பாருங்கள். 90 மீட்டர் உயரத்துக்கு எழுந்திருக்க வேண்டிய தலைமைக் கோபுரத்தின் இடம் அது. 2025-இல் லுட்விக்கின் லிண்டர்ஹோஃப், ஷாஹென், ஹெர்ரன்கீம்ஸே மாளிகைகளோடு சேர்ந்து இது யுனெஸ்கோ பட்டியலில் ஏறியது. கூட்டம் இனிக் குறையப்போவதில்லை.

அடிவாரத்தில் மஞ்சள் நிறத்தில் நிற்கும் ஹோஹென்ஷ்வாங்கௌ கோட்டையைப் பெரும்பாலோர் படம் எடுத்துவிட்டுப் போய்விடுகிறார்கள். லுட்விக்கின் குழந்தைப் பருவம் கழிந்த வீடு அது. எதிர் மலையில் தன் கோட்டை எழும்புவதை அங்கிருந்து தொலைநோக்கியில் பார்த்துக்கொண்டிருந்தார். குடும்பம் உண்மையிலேயே புழங்கிய இடம் என்பதால் அறைகளில் வீட்டு வாடை இருக்கிறது. நாடகத்தைவிட வாழ்க்கையைப் பார்க்க விரும்புவோருக்கு என் சிபாரிசு இதுதான். இரண்டையும் ஒரே நாளில் பார்ப்பதென்றால் இரண்டு நுழைவு நேரங்களுக்கு இடையே இரண்டரை மணி விடுங்கள். ஆனால் மியூனிக்கிலிருந்து வந்துபோகும் வேலைநாளில், சிறு குழந்தையோடு, அது அதிகப்படி. அந்த நேரத்தை ஆல்ப்ஸே ஏரிக்கரையில் கழியுங்கள். டிக்கெட் சென்டரிலிருந்து சில நிமிஷ நடைதான்.

சாப்பாட்டுக்கு அடிவார உணவகங்கள் உண்டு, சுற்றுலாத்தல விலையில். சைவத்துக்குக் கேஸ்ஷ்பெட்ஸ்ல கேளுங்கள், இந்த ஆல்காய் பகுதியின் சொந்த உணவு. பாலாடைக்கட்டி உருகிய மாவுத்துண்டுகளும் பொரித்த வெங்காயமும். மாவில் முட்டை சேரும், முட்டை தொடாதவர்களுக்கு ஆகாது. அவர்களுக்கு ஃப்யூஸன் பேக்கரியில் பிரெட்செல் வாங்கிப் பையில் போட்டுக்கொள்வது உத்தமம்.

எந்த மாதம்? மே, அக்டோபர் முதல் பாதி இரண்டும் நல்லவை. பனி போர்த்திய கோட்டை அழகுதான், ஆனால் ஷட்டில் பஸ், பாலம் இரண்டையும் இழக்கத் தயாராக வர வேண்டும். நவம்பர் மூடுபனியில் முப்பது அடி தூரத்தில் கோட்டை காணாமல் போகும் நாட்கள் உண்டு. கோடையிலும் ஒரு மேல்சட்டையும் மழைக்கோட்டும் தேவை, பிற்பகலில் இடிமழை சகஜம். செருப்பு வேண்டாம், பிடிமானமுள்ள ஷூ.

திரும்பும்போது மாலை நாலரை முதல் ஆறு வரை பஸ் நிறுத்தத்தில் கூட்டம் திரளும். மியூனிக் ரயில் மணிக்கு ஒன்றுதான் என்பதால் ஒரு பஸ் தவறினால் ஒரு மணி நேரம் போச்சு. ரயில் நேரத்துக்கு முக்கால் மணி முன்பே நிறுத்தத்துக்கு வந்துவிடுங்கள். அல்லது ஏரிக்கரையில் கூடுதலாக ஒரு மணி உட்கார்ந்து நெரிசல் வடிந்த பிறகு கிளம்புங்கள். பயர்ன் டிக்கெட் மறுநாள் அதிகாலை 3 மணி வரை செல்லும், அவசரம் இல்லை. மாலையில் பஸ்கள் குறைந்துவிடும் என்பதால் கடைசி பஸ் எப்போது என்று காலையில் இறங்கியவுடனே நிறுத்தத்து அட்டவணையைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.